அறிவியல்நகர் மாணவர்களிடம் ஒரு விளையாட்டுக் கேட்டு

கிளிநொச்சி அறிவியல்நகரில் கணினிப் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் இரணைமடுப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பிய பழைய மடிக்கணினியில் 'ஃபிரெடி ஃபிஷ்' என்றொரு விளையாட்டு இருந்தது. 1994இல் வந்தது. மஞ்சள் மீனொன்று களவுபோன கடற்பாசி விதைகளைத் தேடிப் போகும். எல்லாம் ஆங்கிலம், பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் மௌஸுக்குச் சண்டை! கண்ட இடத்தில் அழுத்தினால் ஏதாவது வேடிக்கை நடக்கிறது. யாரும் சாவதில்லை. திரும்ப விளையாடினால் பொருள்கள் இடம் மாறியிருக்கும்.

பிறகு தேடி வாசித்தேன். றொன் கில்பேர்ட்டும் ஷெலி டேயும் 1992இல் தொடங்கிய நிறுவனம் செய்தது. கில்பேர்ட் 1987இல் செய்த விளையாட்டில் 'திற', 'தள்ளு' என்று சொற்கள் திரையின் கீழே அடுக்கியிருக்குமாம். சின்னவர்களுக்கென்று வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் காதும் விரலும் போதும்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், வன்னியில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே 'தெரியாததைத் தொடாதே' என்பதுதான். போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான், சரி. ஆனால் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லையே. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற வயதில் கையை மடக்கி வைத்திருக்கச் சொல்கிறோம். திரையிலாவது அவர்கள் ஆசைதீரத் தொடட்டும்.

அப்படியொரு விளையாட்டை எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்து தரவேண்டும். அதில் ஒரு கன்றுக்குட்டி தொலைந்துபோகட்டும். குளக்கட்டு, வான்கதவு, வயல், பாலைமரம் என்று தேடட்டும். பாலைப்பழத்தை அழுத்தினால் விரலெல்லாம் பால் ஒட்டட்டும். பேச்சு எங்கள் பேச்சாக இருக்கவேண்டும், "இஞ்ச வாங்கோ" என்று. தொலைக்காட்சித் தமிழ் வேண்டாம். இணையம் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், அம்மாவின் மலிவு போனில் ஓடவேண்டும். அ, ஆ படிப்பிப்பதை என்னிடம் விட்டுவிடுங்கள், அதை விளையாட்டுக்குள் திணிக்கவேண்டாம்.

இன்னொன்று. மண்ணில் கிடக்கும் இரும்புத் துண்டு, தகரப் பேணி எதையும் படத்தில் வைக்காதீர்கள், எச்சரிக்கைப் பாடமாகக்கூட. தொட்டால் வேடிக்கை நடக்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது.

விளையாட்டில் அம்மம்மா ஒருவர் பேசவேண்டும், அந்தக் குரலுக்கு ஆள் என்னிடம் இருக்கிறது, எங்கள் வகுப்புப் பிள்ளையொன்றின் அம்மம்மாதான். அவர் கன்றைக் கூப்பிட்டால் உண்மையான கன்றே ஓடி வரும். ஒரேயொரு காட்சி ஓடினாலும் போதும், ஒரு நாள் காலையில் கொண்டு வாருங்கள். பிழை எங்கே என்று பிள்ளைகளே காட்டித் தருவார்கள்.

அன்புடன்,
இரணைமடுப் பக்கத்து முன்பள்ளி ஆசிரியை