கணக்குச் சொல்லும் பழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசியல்வாதிகளின் சொத்து விபரங்கள் பற்றிய தங்கள் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்தேன். சொத்து, பொறுப்புகளை (கடன்களை) வெளிப்படுத்தும் சட்டம் இலங்கையில் 1975ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதற்குப் பதிலாக வந்து, விதிகளை மேலும் இறுக்கியுள்ளது. வரவேற்க வேண்டியதே. ஆனால், ஐம்பது வயதில் படிவம் கொடுத்துக் கேட்கும் நேர்மையைப் பத்து வயதில் நாம் பழக்கினோமா?

கொழும்பில் 30 ஆண்டுகள் படிப்பித்தவன் நான். தரம் 6இல் வகுப்புக் காசுக்குப் பொறுப்பாயிருந்த மாணவனொருவன் வெள்ளிதோறும் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவான். தும்புத்தடி வாங்கிய காசு, கையிருப்பு எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை இருபது ரூபா குறைந்தது. முகம் வாடிப்போய் நின்றான். ஆனாலும் குறைந்ததைக் குறைந்ததென்றே எழுதினான். அடுத்த தவணையும் காசுக்குப் பொறுப்பாயிருக்க வகுப்பு அவனையே கேட்டது. மற்றப் பிள்ளைகள் கணக்குக் கேட்கப் பழகியதையும் இங்கே சொல்லவேண்டும். நாளைய வாக்காளர்கள் அவர்கள்தானே. மாணவர் பாராளுமன்றங்கள் தேர்தலோடு நின்றுவிடாமல், பொறுப்பேற்ற பிள்ளைகள் தாம் செய்த வேலையையும் செலவையும் மாதந்தோறும் காலைக் கூட்டத்தில் சொல்லும் வழக்கத்தைக் கல்வி அமைச்சு எல்லாப் பாடசாலைகளிலும் ஏற்படுத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.