நாள் குறிப்பது கடல்தான்

அன்புள்ள கயலுக்கு,

நியூசிலாந்தின் ஏபல் தாஸ்மன் கடலோரப் பாதையில் தோழிகளோடு ஐந்து நாள் நடக்க வழிகாட்டி ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தாய். நெல்சனுக்கு விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் கடல் வற்றும் நேரத்தைப் பார், கண்ணு.

பாதை மாரஹாவிலிருந்து வைனுயி வரை 60 கிலோமீட்டர். வழியில் கடல்நீர் ஏறி இறங்கும் கழிகள் உண்டு. டொரண்ட் பே, பார்க் பே கழிகளில் தண்ணீர் ஏறியிருந்தாலும் சுற்றிப் போகத் தடம் உண்டு. அவரோவாவில் அது கிடையாது. நீர் மிகத் தாழும் நேரமான வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரைதான் இறங்கலாம். எத்தனை கைதேர்ந்த வழிகாட்டி ஆனாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

மூன்றாம் இரவு அவரோவாவில் தங்கினால் நான்காம் நாள் காலை கழியைக் கடக்க வேண்டும். அன்று ஃபாரிஃபாராங்கி குடில் வரை 16.9 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேர நடை. அதனால் அன்றைய வற்றம் காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் விழுந்தால் நல்லது. வற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். நான்காம் நாள் 9 மணி என்றால் புறப்படும் நாளில் ஆறரை. பயணத்தை ஒரு வாரம் தள்ளினால் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிப் போய்விடும். ஒரு நாளில் இரண்டு வற்றம் என்பதால், இரண்டு வாரம் தள்ளினால் மறுபடி காலைக்கே வரும். செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். நீ பார்க்கும் அட்டவணையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள். பலர் சறுக்குவது இங்கேதான்.

கழியில் வெறுங்காலோடு இறங்காதே. சேற்றுக்குள் சிப்பி ஓடுகள் விளிம்பு மேலே தெரிய நிற்கும்; பாதத்தைக் கீறிவிட்டால் மீதி நடை முழுக்க நொண்டல்தான். பின்பட்டை வைத்த பழைய செருப்பு போதும். நடை ஷூவைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள். கடந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கில் மணல் இல்லாமல் துடைத்த பிறகே சாக்ஸ் போடு. கொப்புளம் வருவது மணலால்தான்.

மணல் ஈக்கள் நடக்கும்போது அண்டாது, உட்கார்ந்தால் கணுக்காலை மொய்க்கும். நீளமான சாக்ஸும் பூச்சித் தைலமும் பையின் மேலறையிலேயே இருக்கட்டும்.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: பெரிய பை படகில் போகுமா, முதுகிலா? தங்குவது தனியார் விடுதியா, அரசுக் குடிலா? அரசுக் குடில் என்றால் அங்கே சமையல் அடுப்பு கிடையாது, ஆண்டு முழுக்க முன்பதிவும் கட்டாயம். அடுப்பை யார் சுமப்பது? பருப்பும் சோறும் உண்டா?

யாருக்காவது முடியாமல் போனால், நான்காம் நாள் வழியில் வரும் டோடரானுயி வரை படகு டாக்ஸி வரும். அதற்கு வடக்கே வராது. முழங்கால் வலி இருக்கும் தோழி அங்கேயே முடித்துக்கொள்ளட்டும்.

தேதி முடிவானதும் நான்காம் நாள் வற்றம் எத்தனை மணிக்கு என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா