பெரியவனுக்கு எந்தக் கதையை முதலில் கொடுப்பது?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. பெரியவன் தமிழில் படிக்க ஆசைப்படுகிறான், நல்லதாக நாலு புத்தகம் சொல்லு என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் இரண்டு புத்தகத்தின் பெயரை மறந்துவிடுவாய், மாப்பிள்ளை குறுக்கே புகுந்து வேறு ஏதாவது சொல்லுவார். அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன்.

முதல் விஷயம், பொன்னியின் செல்வனை இப்போதே வாங்காதே. ஐந்து பாகத்தையும் மொத்தமாகப் பார்த்தால் பதினாலு வயசுப் பையன் மலைத்துப் போவான். புனேவில் வளர்கிறவன், எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிக்கிறான். அவனுக்கு இப்போது வேண்டியது பெரிய புத்தகம் இல்லை, கீழே வைக்க முடியாத புத்தகம். "அப்புறம் என்ன ஆச்சு" என்ற அரிப்பு இருந்தால், தெரியாத வார்த்தையைக்கூட தாண்டிக்கொண்டு ஓடுவான்.

அதற்குச் சுஜாதாதான். 'கரையெல்லாம் செண்பகப்பூ'விலிருந்து தொடங்கு. நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்க ஒரு கிராமத்துக்கு வரும் கல்யாணராமன் பழைய ஜமீன் பங்களாவில் தங்குகிறான். ராத்திரியில் அங்கே ஏதேதோ நடக்கிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள், நிறைய பேச்சு, நடுநடுவே பாட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது. அடுத்து 'கொலையுதிர் காலம்'. வக்கீல் கணேஷும் வஸந்தும் வருகிற கதை. நடமாடுவது பேயா, அல்லது யாரோ செய்கிற வேலையா என்று கடைசிவரை இழுப்பார். வஸந்த் அடிக்கும் ஜோக்குகள் சில இந்த வயசுக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஓடும். பயப்படாதே. அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை அவன் எந்தக் கதையிலும் முழுசாகச் சொல்லி முடித்ததே இல்லை.

இவை இரண்டையும் முடித்தான் என்றால் சரித்திரத்துக்கு வரலாம். அதற்கும் சுஜாதாவே பாலம் போட்டு வைத்திருக்கிறார். 'ரத்தம் ஒரே நிறம்' 1857 கலகத்தைப் பற்றியது. ஒரு தமிழ் இளைஞன் பழிதீர்க்கும் வெறியோடு வடக்கே போய் அந்தக் கலவரத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். பள்ளிப் பாடத்தில் மங்கள் பாண்டே, கான்பூர் என்று தேதிகளாக மனப்பாடம் செய்ததெல்லாம் இதில் ஆட்களாக வருவார்கள். ரத்தம் நிறையவே தெறிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முதலில் வேறு பெயரில் குமுதத்தில் தொடராக வந்து, எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நின்று போனது. பிற்பாடுதான் இந்தப் பெயரில் எழுதினார்.

அப்புறம் கல்கி. முதலில் 'பார்த்திபன் கனவு'. கல்கி எழுதிய முதல் சரித்திர நாவல் அதுதான், அவருடைய மூன்று பெரிய சரித்திர நாவல்களில் சின்னதும் அதுதான். உறையூர்க் காவிரிக் கரை, படகோட்டி பொன்னன், பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் போகும் சோழ ராஜா, அவன் மகனை வீரனாக வளர்ப்பதாக வாக்குக் கொடுக்கும் ஒரு சிவனடியார். யார் அந்தச் சிவனடியார்? நீ சின்ன வயசில் நாலாவது அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகப் பீற்றிக்கொள்வாய். அவனிடம் அதைச் சொல்லாதே. 'சிவகாமியின் சபதம்' காலக்கணக்கில் இதற்கு முந்தைய கதை என்றாலும் பிறகு கொடு. அது நிதானமாக நடக்கிற, மனசைப் பிசைகிற கதை. பதினாறு வயசில் படித்தால் ஒட்டும்.

பொன்னியின் செல்வன் இதற்கப்புறம்தான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கி பத்திரிகையில் வந்த தொடர் என்பதை அவனுக்குச் சொல்லு. அடுத்த இதழை வாங்க வைக்க வேண்டுமே, அதனால்தான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள், இல்லையென்றால் இருட்டில் கத்தி மின்னும். இப்போது அவன் பார்க்கிற வெப் சீரிஸ்காரர்கள் செய்வதும் இதே வேலைதான். படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டானே, இனி என்ன இருக்கிறது என்று நினைக்காதே. மணிரத்னம் இரண்டு பாகத்தில் அடக்குவதற்காக நாவலின் பெரிய ரகசியம் ஒன்றையே விட்டுவிட்டார். சேந்தன் அமுதன் வருகிற இடங்களைக் கவனமாகப் படிக்கச் சொல்லு. அதற்கு மேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மே மாதம் இங்கே வரும்போது முதல் பாகமாவது முடித்திருந்தால், அவனை வீராணம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன். கதையின் தொடக்கத்தில், ஆடிப்பெருக்கன்று, கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற கரை. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். பக்கத்திலேயே காட்டுமன்னார்கோயில், அங்கே அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறித்து விற்ற கணக்கு அது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயரெல்லாம் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி புகுந்து நந்தினியைப் படைத்தார். ரவிதாசன் நிஜம், நந்தினி கற்பனை என்று தெரிந்தால் பையன் தானாகவே அடுத்ததைத் தோண்ட ஆரம்பிப்பான். ஆழ்வார்க்கடியான் இருந்தானா, பூங்குழலி இருந்தாளா என்று கேட்டு உன்னை அரித்துவிடுவான். இரண்டு பேருமே கற்பனைதான்.

சாண்டில்யனைக் கேட்டிருந்தாய். 'கடல் புறா'வில் கப்பல் சண்டை பிரமாதம், ஸ்ரீவிஜயம் வரைக்கும் கூட்டிப்போவார். ஆனால் கதாநாயகி வந்து நின்றால் வர்ணனை பக்கக்கணக்கில் நீளும். நாங்கள் ஹாஸ்டலில் அந்தப் பக்கங்களை மட்டும் தேடிப் படித்தோம் என்பது வேறு கதை. இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். அதற்குப் பதில் சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' கொடுக்கலாம். பறம்பு மலையும் காடும் விலங்குகளும்தான் அதில் பாதி. காட்டுக்குள் கபிலர் வந்து சேருகிற அந்த ஆரம்பப் பகுதியை நானே ஒரே மூச்சில் படித்தேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை அவன் காலேஜ் போகும்போது நானே தருவேன், இப்போது பேச்சே வேண்டாம்.

கல்கி நூல்கள் நாட்டுடைமையானதால் ஆளாளுக்குப் பதிப்பித்திருக்கிறார்கள். விலை மலிவு என்று ஒரே தொகுதியாக அடைத்ததை வாங்காதே, எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். முதல் மூன்று அத்தியாயத்தை ராத்திரி நீ சத்தமாக வாசித்துக் காட்டி, பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போ. மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

செண்பகப்பூவும் கொலையுதிர் காலமும் என்னிடமே இருக்கின்றன, திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். கொலையுதிர் காலத்தின் அட்டை கிழிந்திருக்கிறது, அதற்கு உன் தம்பியைத் திட்டிக்கொள். மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லு, முடிவை யாரும் உளறக் கூடாது.

அன்புடன்,
அம்மா