விழிப்புணர்வு வந்துவிட்டது, வண்டிதான் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மின்னணுக் கழிவு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், பழைய டிவி, பிரிட்ஜை அப்புறப்படுத்தக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விழிப்புணர்வு நம் மக்களுக்கு இன்னும் வரவில்லை என்று ஒரு வரி வருகிற வரைக்கும். அதற்கப்புறம் காபி இறங்கவில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் நாங்கள் பிளாஸ்டிக் போட்டதால், கொசு கடித்தால் நாங்கள் தொட்டியை மூடாததால், இப்போது பழைய டிவிக்கும் நாங்கள்தான் காரணமா? சரி, இருக்கட்டும்.

என் வீட்டு லாஃப்ட்டில் பிக்சர் டியூப் டிவி ஒன்று, ஸ்டெபிலைசர், ஓடாத மிக்ஸிகள், மாமியார் காலத்து கிரைண்டரின் மோட்டார், ஒரு யுபிஎஸ் பெட்டி எல்லாம் இருக்கின்றன. விழிப்புணர்வு இருப்பதால்தான் அவை இன்னும் அங்கே இருக்கின்றன. பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது என்று உங்கள் பத்திரிகையிலேயே படித்துத் தெரிந்துகொண்டவள் நான். தெரியாதவளாக இருந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருமுனைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

டிவி கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். என்ன மாடல், எந்த வருஷம், பில் இருக்கா என்று கேட்டுவிட்டு வேறொரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பரில் எத்தனை கிலோ தேறும் என்று கேட்டார்கள். ஒரு டிவிக்கெல்லாம் வண்டி வராதாம், அபார்ட்மெண்டில் எல்லோருடையதையும் சேர்த்து வைத்துவிட்டுக் கூப்பிட வேண்டுமாம், இல்லையென்றால் நானே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கலாமாம். ஜாபர்கான்பேட்டையிலிருந்து ஒரு பழைய டிவியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போவதுதான் விழிப்புணர்வு என்றால், எனக்கு அது இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் கதை இதைவிட அழகு. புதுசு வாங்கியபோது எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கழித்துக்கொள்வோம் என்று சொன்ன கடைக்காரர்கள், டெலிவரி அன்றைக்கு, பழையது ஓடினால்தான் எடுப்போம் என்றார்கள். ஓடினால் நான் எதற்குப் புதுசு வாங்குகிறேன்? கடைசியில் காயலான் கடைக்காரர்தான் வந்தார், வீட்டு வாசலிலேயே ஒரு கட்டரால் பின்பக்கக் குழாயை நறுக்கினார், புஸ்ஸென்று கேஸ் முழுவதும் தெருவுக்குப் போனது. ரொம்பப் பழைய பிரிட்ஜ்களில் இருந்தது ஓசோனைக் கெடுக்கும் கேஸ், அப்புறம் அதற்குப் பதிலாக வந்தது ஓசோனை விட்டுவிட்டுப் பூமியைச் சூடாக்கும் கேஸ், எதுவானாலும் பிடித்து சிலிண்டரில் அடைக்க வேண்டியது. அவருக்கு வேண்டியது கம்ப்ரஸரும் செம்பும். ஸ்டெபிலைசரையும் கேட்டார், உள்ளே செம்புக் கம்பி இருக்கிறதல்லவா. டிவியைக் காட்டினால், "டியூப் டிவி வேணாம்மா, முதலாளி திட்டுவாரு" என்று போய்விட்டார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கூப்பிட்டதும் வந்தார், மூணு மாடி ஏறினார், கையில் காசும் கொடுத்தார். தப்பாகச் செய்பவர் எனக்குக் காசு கொடுக்கிறார், சரியாகச் செய்ய வேண்டியவர்கள் வருவதே இல்லை, இதில் நான் யாருக்கு ஐயா கட்டணம் கட்டுவது?

இன்னொன்று. நாங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் கட்டுரையாளருக்கு இது தெரியாமலா இருக்கும்? 2022இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. விற்கிற கம்பெனிதான் பழையதை மறுசுழற்சி செய்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும், 2025-26க்கு, முன்பு விற்றதில் 70 சதவீதம் என்று இலக்கு. அதற்கான சான்றிதழை மறுசுழற்சி ஆலைகளிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மறுசுழற்சி செய்யும் கழிவில் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் ஆலைக்குக் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னதும் பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. தோற்றாலும் ஜெயித்தாலும் அந்தச் செலவைத் தங்கள் பாக்கெட்டிலிருந்தா போடப் போகிறார்கள்? புது பிரிட்ஜின் விலையில்தானே வரும்! ஒருமுறை விலையில் கட்டி, இன்னொரு முறை வாசலில் கட்ட வேண்டும் என்றால் எப்படி? வேடிக்கை என்னவென்றால், இதற்கு முந்தைய 2016 விதிகளில் கலெக்ஷன் சென்டர் என்று ஒன்றாவது இருந்தது. புது விதிகளில் தயாரிப்பவர் உண்டு, விற்பவர் உண்டு, பழுது பார்த்து விற்பவர் உண்டு, மறுசுழற்சி ஆலை உண்டு. வீட்டிலிருந்து ஆலைவரை தூக்கிக்கொண்டு போவது யார் பொறுப்பு என்பதுதான் தெளிவாக இல்லை.

ஜப்பானைப் பார் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். பார்த்தேன். அங்கே 2001 முதல் டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கையும் போடுகிறவர் காசு கட்டுகிறார், உண்மைதான். ஆனால் விற்ற கடைக்காரர் பழையதை வாங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. கட்டுரையில் முதல் பாதி வந்தது, இரண்டாவது பாதி எங்கே? அவ்வளவு தூரம் போவானேன், நம் டாஸ்மாக்கையே பாருங்கள். 2022இல் நீலகிரியில் ஆரம்பித்தார்கள், பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாயைத் தருகிறார்கள். குடிக்கிறவருக்கு இருக்கிற வசதி, இட்லிக்கு மாவு அரைக்கிறவளுக்கு இல்லை. 2016 விதிகளில் மின்சாதனங்களுக்கும் இப்படி டெபாசிட் வாங்கி வட்டியோடு திருப்பித் தரலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் எந்தக் கடையிலும் அதைப் பார்த்ததில்லை.

எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. 2006இல் ஒரு கட்சி டிவி கொடுத்தது, 2011இல் இன்னொரு கட்சி மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எத்தனையோ வீடுகளில் அம்மிக் கல்லிலிருந்து கை ஓய்ந்தது. ஆனால் அவையெல்லாம் ஒருநாள் ரிப்பேராகும் என்று கோட்டையில் ஒருவருக்குமா தோன்றவில்லை? 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேறோடு நின்றன. லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கா, பெருங்குடி குப்பைமேட்டுக்கா, யார் கேட்டார்கள்? நீங்களும் கேட்கவில்லை, படகில் போன நடிகர்களின் படத்தைப் போட்டீர்கள். 2021 ஜனவரி முதல் குப்பைக்குக் கட்டணம் என்று மாநகராட்சி அறிவித்தது, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நான் பிரித்துக் கொடுப்பதை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை இன்றைக்கும் என் பால்கனியிலிருந்து பார்க்கிறேன். இதற்கெல்லாம் பிறகுதான் எங்களுக்கு விழிப்புணர்வு இன்னும் வரவில்லை என்று எழுதுகிறீர்கள். அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில், பழசைத் தூக்கிப் போடுங்கள், புதுசை அள்ளிச் செல்லுங்கள் என்கிற மாதிரி முழுப்பக்க எக்ஸ்சேஞ்ச் விளம்பரம் வேறு!

வாஷிங் மெஷினில் போர்டு போனால், புது மெஷினில் பாதி விலையை மெக்கானிக் கேட்கிறார், பழைய மாடலுக்கு போர்டே வருவதில்லை என்கிறார். இதைப் பற்றி ஒரு கட்டுரை போடலாம், அது விளம்பரதாரர்களுக்குப் பிடிக்காமல் போகும், எனக்கும் புரிகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ராசிபலனுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கட்டி, சென்னையில் எந்தெந்தப் பகுதியில், எந்தக் கிழமையில், யார் பழைய மின்சாதனங்களை வாங்கிக்கொள்கிறார்கள், டியூப் டிவியை எடுப்பார்களா, வீட்டுக்கு வருவார்களா, வந்தால் எவ்வளவு கேட்பார்கள் என்று மாதம் ஒருமுறையாவது போடுங்கள். நியாயமான தொகை என்றால் கட்டணம் கூடக் கட்டுகிறேன், வண்டி கீழே வந்து நிற்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள், அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது அந்த நம்பர்களுக்கெல்லாம் ஒருமுறை போன் செய்து பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஜாபர்கான்பேட்டை, சென்னை