ஜூன் ரீ மாஸ்டரைப் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில், வாஷிங்டன் பக்கத்து ஆர்லிங்டன் குளிர் பழகிவிட்டது, சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவளுக்கு முட்டி வலிதான் விட்டபாடில்லை. சின்னவன் கோவைக்கே மாற்றலாகி வந்துவிட்டதால் வீடு கொஞ்சம் கலகலப்பாக இருக்கிறது.

பேரன் டேக்வாண்டோ என்கிற கொரியத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்த விஷயத்தை ரசித்துப் படித்தேன். தலை, கை, கால் எல்லாவற்றுக்கும் மெத்துமெத்தென்று கவசம் மாட்டிக்கொண்டு சண்டை போடுகிறான், அடுத்த பெல்ட் வேண்டுமென்றால் பள்ளிக்கூட மார்க்கையும் மாஸ்டரிடம் காட்ட வேண்டுமாம், இது என்ன வகுப்போ என்று கேட்டிருந்தாய். அந்த நாட்டில் இந்த இரண்டையும் பரப்பியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டேக்வாண்டோ மாஸ்டர் ஜூன் ரீ. நீ இருக்கிற ஆர்லிங்டனில்தான் 2018 ஏப்ரல் 30 அன்று காலமானார். கொஞ்ச நாளாகவே அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1932இல் கொரியாவில் பிறந்தவர். அப்போது கொரியா ஜப்பானியர் பிடியில் இருந்தது. பதின்மூன்று வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் தற்காப்புக் கலை கற்கப் போயிருக்கிறார். அப்புறம் கொரியப் போர், ராணுவ வாழ்க்கை. 1956இல் விமானப் பராமரிப்புப் பயிற்சிக்காக டெக்சாஸில் உள்ள சான் மார்கோஸுக்கு அனுப்பப்பட்டார். பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர், மறுபடி அதே ஊருக்குக் கல்லூரி மாணவராக வந்தார். படித்துக்கொண்டே உடன் படித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். டேக்வாண்டோ என்றால் அன்றைய அமெரிக்கர்களுக்கு ஒன்றும் தெரியாது, கராத்தே என்றால் தெரியும். அதனால் கொரியக் கராத்தே என்றே சொல்லித்தான் வகுப்பு நடத்தினார். 1962 ஜூன் 28 அன்று வாஷிங்டனில் சொந்தப் பள்ளியைத் திறந்தார்.

1965இல் நியூ ஹாம்ப்ஷயர் எம்.பி. ஜேம்ஸ் கிளீவ்லாண்டை யாரோ வழிமறித்து அடித்துப் பணத்தைப் பறித்துவிட்டார்கள். செய்தியைப் பேப்பரில் பார்த்த ஜூன் ரீ அவருக்கே போன் போட்டு, 'வாருங்கள், சொல்லித் தருகிறேன்' என்று கூப்பிட்டார். அதுதான் தொடக்கம். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கென்றே தனி வகுப்பு உருவாகி, பல பத்தாண்டுகள் நடந்தது. அதற்கு அவர் பணம் வாங்கவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் வெள்ளை உடை போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பின்னாளில் சபாநாயகரான டாம் ஃபோலி, நியூட் கிங்ரிச் இருவருமே அவரிடம் பயின்றவர்கள்.

சண்டைப் பட நடிகர் புரூஸ் லீயும் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் அவருடைய நண்பர்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். உண்மைதான். புரூஸ் லீயை 1964இல் லாங் பீச் கராத்தே போட்டியில் சந்தித்தார். இவர் அவருக்கு உதைகளைக் காட்டினார், அவர் இவருக்கு முன்னறிகுறி இல்லாமல் பாயும் குத்தைக் காட்டினார். அதே குத்தை இவர் அலிக்குச் சொல்லிக்கொடுக்க, 1976இல் மியூனிக்கில் ரிச்சர்ட் டன் என்கிற குத்துச்சண்டை வீரருக்கு எதிராக அலி அதைப் பயன்படுத்தினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், உன் பேரன் மாட்டிக்கொள்ளும் அந்தக் கவசம் இதையெல்லாம் விடப் பெரிய காரியம்.

அதற்கு முன்னால் போட்டிகள் எப்படி நடந்தன என்று நினைத்துப் பார். வெறும் கை, வெறும் கால். குத்தும் உதையும் எதிராளியின் முகத்துக்கு ஓரங்குலம் முன்னால் நின்றுவிட வேண்டும் என்பது விதி. ஆனால் வேகமாக வருகிற கை எல்லா நேரமும் நிற்குமா? மூக்கு உடையும், உதடு கிழியும், பல் போகும். நின்றுவிட்டாலோ, பட்டிருக்குமா படாதா என்று நடுவர்களுக்குள் வாக்குவாதம். 1970களின் தொடக்கத்தில் ஜூன் ரீ ஃபோமில் கவசம் செய்து, அதன்மேல் பளபளவென்று வினைல் பூச்சு கொடுத்தார். கையுறையில் உள்ளங்கைப் பக்கம் திறந்திருக்கும், காலுறையில் பாதத்தின் அடிப்பக்கம் திறந்திருக்கும். பிடிக்கவும் முடியும், தரையில் கால் வழுக்கவும் செய்யாது. 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முழுத்தொடுகை கராத்தே, அதாவது அடியை நிறுத்தாமல் நிஜமாகவே அடிக்கும் கராத்தே, உலகப் போட்டியிலேயே வீரர்கள் இவருடைய கவசத்தைத்தான் அணிந்தார்கள். கவசம் இருக்கிற தைரியத்தில் சிலர் இன்னும் பலமாக அடிக்க ஆரம்பித்தார்கள் என்ற குறையும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஏழெட்டு வயதுக் குழந்தையைத் தைரியமாகச் சண்டைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று ஒரு தாய்க்குத் தோன்றியதே, அது சாதாரண விஷயமா?

மார்க் விஷயமும் அப்படித்தான். அறிவு, நேர்மை, உடல்பலம் மூன்றும் சேர்ந்தால்தான் கறுப்பு பெல்ட் என்பது அவர் கொள்கை. 1980களில் வாஷிங்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குள்ளேயே போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சியும் ஒழுக்கமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஒரு திட்டம் தொடங்கினார். போதைப்பொருளும் துப்பாக்கிச் சூடும் அந்த நகரத்தை ஆட்டிப் படைத்த காலம் அது. அங்கே ஒரு சிறுவனுக்கு நிமிர்ந்து நிற்கவும், கோபத்தை அடக்கவும், பெரியவர்களுக்குத் தலைவணங்கவும் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு அவசரமான வேலை என்று யோசித்துப் பார். சோவியத் நாடு சிதறிய நேரத்தில் மாஸ்கோ வரை போய்ப் பயிற்சி கொடுத்தார். 2003இல் வாஷிங்டன் மேயர், அவர் பள்ளி திறந்த அதே ஜூன் 28ஐ அவர் பெயரால் கொண்டாட அறிவித்தார்.

அவர் நல்ல வியாபாரியும்கூட. கிளைகள் பல திறந்தார், டிவியில் விளம்பரம் கொடுத்தார். அந்த விளம்பரத்தின் கடைசியில் அவருடைய சின்ன மகள், என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது என்கிற மாதிரி ஒரு வரி சொல்வாள். குட்டி மகன் என்னிடமும்தான் என்று சொல்லிக் கண்ணடிப்பான். அந்தக் காலத்தில் வாஷிங்டனில் வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் மனப்பாடமாம். உன் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பார். கட்டணம் வாங்கியவர் எப்படிச் சேவை செய்தவராவார் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. வகுப்பு ஒரு பக்கம், தர்மம் ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. கற்றுக்கொடுத்த விதத்திலேயே அக்கறை இருந்தது. எழுபது வயதைத் தாண்டியும் மேடையில் ஒரே நிமிடத்தில் நூறு தண்டால் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாராம்.

அவர் கொண்டுபோன கலை இன்றைக்கு எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. ஜோர்டானில் அஸ்ராக் என்று சிரிய அகதிகள் முகாம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் பாலைவனம், வரிசை வரிசையாகத் தகரக் குடில்கள். உலக டேக்வாண்டோ அமைப்பின் தலைவர் சுங்வோன் சோ 2016இல் தொடங்கிய அறக்கட்டளை அங்கே பயிற்சி மையம் நடத்துகிறது. அங்கே பயின்ற யஹ்யா அல் கொதானி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்குக் கொடி பிடித்தார். இதற்கும் ஜூன் ரீக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் பிறந்த மண்ணை விட்டு வந்தவனுக்கு இந்தக் கலை என்ன கொடுக்கும் என்று படிக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருகின்றன.

சரி, நிறைய எழுதிவிட்டேன். பொங்கலுக்கு மதுரையில் மகள் வீட்டில் இருப்போம். அடுத்த கடிதத்தை அந்த விலாசத்துக்கே போடு. மருமகளுக்கு என் ஆசிகள். உன் பி.பி. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்