வடசென்னை மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம். எமிஸ் என்னும் மாணவர் விவர இணையதளப் பதிவு, காலை உணவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஒழுகும் கூரை என உங்கள் மேசையில் குவியும் வேலைகளை அன்றாடம் பார்க்கும் ஆசிரியர்கள் என்ற உரிமையில் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். வாரத்தில் ஒரு பாடவேளை நீங்கள் வகுப்பெடுங்கள். நாங்கள் கடைசி வரிசையில் அமர்ந்து பார்க்கிறோம்.

2022இல், தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கப் பயிற்சி தந்தார்கள். பயிற்சியில் குறையில்லை. ஆனால் மூன்று நிலைக் குழந்தைகளும் ஒரே அறையில் இருக்க, ஒரு குழுவோடு பேசும்போது மற்ற இரண்டு குழுக்களையும் எப்படி வேலையில் வைத்திருப்பது என்பதை நடத்திக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. பாடக்குறிப்பேட்டில் நீங்கள் இடும் பச்சை மைக் கையெழுத்து அதைக் கற்றுத் தராது.

ஆசிரியர் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிட்டு, “பிள்ளைகளிடம் வாசித்துக்கொண்டே போகாதீர்கள், பேச விடுங்கள்” என்று அறிவுறுத்தும் கூட்டங்களில் அமர்ந்திருக்கிறோம் (சிரிப்பை அடக்குவதும் ஒரு பயிற்சிதான்). கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார் என்பதையும், மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் மாணவரின் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவரும் பேசுகிறார் என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டறிந்தார். கூட்டத்தில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அந்த மூன்று நொடி நீங்கள் காத்திருந்தாலே, மறுநாள் வகுப்பில் அது எங்களுக்குக் கைவரும்.

மாதிரி வகுப்பு அரங்கேற்றமாக இருக்க வேண்டியதில்லை. காசிமேட்டுப் பிள்ளைகளுக்குக் கூறு கட்டி விற்கும் மீனைச் சொல்லிப் பின்னம் நடத்துங்கள். “ஒரு கூறை நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு எவ்வளவு?” என்று நீங்கள் கேட்க, “எல்லா மீனும் ஒரே அளவா இருக்காதே சார்” என்று ஒருத்தி மடக்கக்கூடும். அங்கே நீங்கள் தடுமாறி, அவள் சொன்னதிலிருந்தே சமபங்கு என்றால் என்ன என்பதற்குத் திரும்பும் அந்த இரண்டு நிமிடம்தான் எங்களுக்குத் தேவை. வகுப்பு முடிந்ததும் எது சரியாக வரவில்லை என்று முதலில் நீங்களே சொன்னால், எங்கள் வகுப்புகளைப் பார்வையிட நீங்கள் வரும்போது நாங்களும் ஒளிக்காமல் பேசுவோம்.

நாளையும் பாடத்தையும் நீங்களே குறியுங்கள். அந்த நேரத்தில் மற்ற வகுப்புகளைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டை எங்களுக்குள் செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைப் பகுதித் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்