சமையலறைக் கதவின் பின்னால் தொங்கிய நோட்டு

கர்த்தருக்குள் அன்பான எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்து ஆஸ்பத்திரியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஜெபக் குறிப்பில் நாள் தவறாமல் வந்ததுதான். அதைத் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, நடமாட்டம் வந்துவிட்டது, வீட்டில் தண்ணீரும் விளக்கும் இருக்கின்றன. இந்த மடல் நன்றி சொல்ல மட்டும்.

இரவெல்லாம் ஜெபித்த சபையார், ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்தவர்கள், டாக்டர் சொன்னதைப் பொறுமையாக மொழிபெயர்த்த மொழி ஆசிரியர், விசா வரிசையில் எங்களுக்காக நின்ற தம்பி, கேட்காமலே காணிக்கை அனுப்பினவர்கள், அனுப்ப இல்லையே என்று வருந்தி எழுதினவர்கள்: உங்கள் எல்லாருக்கும் தனித்தனியாக எழுதுவோம். கொஞ்சம் நாள் கொடுங்கள்.

இங்கே அதிக இடம் ஒரு நோட்டுக்கு. எங்களுக்கு முன் இந்தப் பணித்தளத்தில் இருந்த அண்ணனும் அக்காவும் சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போன நாற்பது பக்க நோட்டு அது. அட்டையில் ‘ஒருவர் மட்டும் இருக்கும்போது’ என்று எழுதியிருக்கிறது. அண்ணன் பார்த்த வேலைகளை அக்காவுக்குப் புரியும்படி அண்ணன் எழுதியிருக்கிறார். அக்கா பார்த்தவற்றை அண்ணனுக்காக அக்கா. வெளிநாட்டுக்கு ஊழியத்துக்கு வரும் தம்பதிகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது இயல்பு. ஒருவருக்கு பேட்டரி, ஒருவருக்கு மருந்துப் பெட்டி. ஒருவர் படுத்துவிட்டால் பாதி வீடு இன்னொருவருக்கு அந்நிய நாடு. மிஷனெரிப் பயிற்சியில் வேதம், மொழி, பண்பாடு எல்லாம் சொல்லித் தருகிறார்கள்; இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதல் பத்துப் பக்கம் பேட்டரி. சார்ஜும் லோடும் (அதிலிருந்து ஓடும் விளக்கு, விசிறி எதுவும்) இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி, மீட்டரில் 12.7 வோல்ட்டுக்குப் பக்கம் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. அதற்குக் கீழே இறங்க விடக் கூடாது. காலியாகக் கிடக்கும் பேட்டரியில் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றவும் என்று சிவப்பு மையில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது திரவ மட்டம் உயரும். முன்பே நிறைத்துவிட்டால் அமிலத்தோடு வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம். அமிலம் ஊற்றவே கூடாது, ஆவியாவது தண்ணீர்தான். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ஸ்பேனரின் பிடிக்கு டேப் சுற்றியிருக்க வேண்டும், கையில் மோதிரம் இருக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஜன்னலைத் திறந்து வைக்கவும், மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் போகவேண்டாம். கரண்ட் போன இரவில் யாரும் முதலில் செய்வது அதுதான் என்று அண்ணன் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சிரிப்பு வந்தது, அந்த நாட்களில்கூட.

தண்ணீர்ப் பக்கங்கள் அக்காவின் கையெழுத்து. வெயில் காலம் முடிந்து வரும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. கூரையின் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். முதல் 1 மி.மீ. மழையாவது கூரையைக் கழுவிப் போகட்டும்; ஆகவே 60 சதுர மீட்டர் கூரைக்குக் குறைந்தது 60 லிட்டரை வெளியே விட்டபின் குழாயைத் திருப்பவும். குடிக்க என்றால் தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம்; கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் 3 நிமிடம். எரிபொருள் இல்லாவிட்டால் வாசனை சேர்க்காத 5 முதல் 6 சதவீத பிளீச், லிட்டருக்கு 2 சொட்டு, 30 நிமிடம் மூடி வைக்கவும். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், ஏனென்றால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். அப்போதும் மங்கலாக இருந்தால் 4 சொட்டு. கடைசியில் லேசான குளோரின் வாசனை வரவேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை, இன்னும் 15 நிமிடம். பிளீச் பாட்டிலில் வாங்கிய தேதி எழுதவும், நாளாக ஆக வீரியம் குறையும். இத்தனையும் செய்துவிட்டு பானைக்குள் கையோடு டம்ளரை விட்டால் எல்லாம் வீண். குழாய் வைத்த பாத்திரம் வேண்டும்.

காய்ச்சல் பக்கம் சிறியது. மலேரியா உள்ள இடத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, நாளை பார்க்கலாம் என்பது கிடையாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்தால் 1 லிட்டர் சுத்தத் தண்ணீரில் தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டின அரை டீஸ்பூன் உப்பு; 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து என்று அடிக்கோடு. பேச்சு குழறினாலோ, குடித்தது தங்காவிட்டாலோ, சிறுநீர் நின்றாலோ நோட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு. பக்கத்திலேயே இருவருடைய ரத்த வகையும், ஒவ்வாத மருந்தும் உள்ளூர் மொழியில் எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது பயணத் தாள்கள். பாஸ்போர்ட் செல்லுபடி ஆறு மாதத்துக்குக் குறைந்தால் பல நாடுகள் உள்ளே விடாது. விசாவில் ‘சார்ந்தவர்’ என்று இருப்பவரின் அனுமதி, முதன்மை விசாக்காரரோடு கட்டிப்போட்டது. முதன்மை விசாக்காரரை மட்டும் சிகிச்சைக்கு ஊருக்கு அனுப்பும் முன், மற்றவர் இங்கே தங்கலாமா என்று கேட்டுவிட வேண்டும். நோயாளியை வேறு ஊருக்கு மாற்றும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்யவும், முன் அனுமதி இல்லாவிட்டால் பணம் மறுக்கப்படலாம். வங்கிக் கணக்கில் இருவர் பெயரும் வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் உள்ளூர் மொழியில் மூன்று வாக்கியங்கள், தமிழ் எழுத்தில். வாசலுக்கு வருகிறவர்களிடம், இன்று முடியவில்லை, உங்கள் அன்புக்கு நன்றி, குணமானதும் நாங்களே வருகிறோம் என்று மரியாதை குறையாமல் சொல்லும் வாக்கியங்கள். அதன் கீழே அக்கா எழுதியிருப்பது: “படுத்திருப்பவர் பக்கத்தில் இருப்பதும் ஊழியம்தான். இந்த வார அறிக்கையில் அதையே எழுதவும்.” அறிக்கையில் அதையே எழுதினோம்.

அண்ணா, அக்கா, இந்த நோட்டை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இனி மாதத்தின் முதல் சனிக்கிழமை இருவரும் வேலையை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம்; ஒருவர் செய்ய, மற்றவர் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். வாய் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கும்போலிருக்கிறது.

17ஆம் பக்கத்தில் ஒரு திருத்தம்: தொட்டியின் அடி வால்வு இப்போது சுவரின் இடது பக்கம். உங்கள் வரியை அடிக்கவில்லை, பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.

பணித்தளத்திலிருந்து,
உங்கள் தம்பியும் தங்கையும்